முதல் வரியில் தப்பு

அந்த வீட்டில் அப்பனும் மகனும் பேசிக்கொள்வது பதினெட்டு வருஷமாகத் தபால் மூலம்தான். தபால் என்றால் உறைமேல் ஸ்டாம்பு ஒட்டின தபால் இல்லை, உயிருள்ள தபால். தெருவே மாஸ்டரம்மா என்று கூப்பிடும் அந்த வீட்டு அம்மாதான் அது. இரண்டு பேரும் ஒரே மேஜையில், எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். "உப்பை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லு" என்பார் அப்பன். உப்பு மகனின் முழங்கையருகில் இருக்கும். அவள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "டேய், அப்பாவுக்கு உப்பு வேணுமாம்" என்பாள். "எடுத்துக்கச் சொல்லு" என்பான் மகன். அந்த 'மாம்' போட்டுப் போட்டு அவள் நாக்கே தேய்ந்துபோயிருந்தது.

அப்பன், அதாவது மாஸ்டர், முப்பத்தைந்து வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். அவருடைய பாணியே தனி. ஒரு பெண் பக்கம் நிறைய ஒரு கடிதத்தை அடித்துக்கொண்டிருப்பாள். முதல் வரியிலேயே ஓர் எழுத்து பிசகியிருக்கும். மாஸ்டர் பின்னால் நின்று பார்ப்பார், வாயைத் திறக்கமாட்டார். கடைசி வரி, கடைசிப் புள்ளி வரைக்கும் அடிக்க விட்டு, தாளை உருவி நாலாகக் கிழித்து, "முதல் வரியில தப்பு" என்பார். "வழியில நிறுத்திச் சொன்னா கை மறந்துடும். முழுசாப் போய் முட்டிக்கிட்டாத்தான் நிக்கும்" என்பது அவர் சித்தாந்தம். அவரிடம் படித்தவர்கள் யாரும் பரீட்சையில் தவறியதில்லை. அழாமல் படித்தவர்களும் இல்லை.

மகனுக்குப் பத்தொன்பது வயதில் ஓர் அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் வந்தது. வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. பையன் ராவெல்லாம் உட்கார்ந்து, தாளில் அழுக்கு விரல் படாமல் நிரப்பினான். பிறந்த தேதி என்ற இடத்தில் நாளையும் மாதத்தையும் சரியாக எழுதி, வருஷத்துக்கு மட்டும் கைப்பழக்கத்தில் அந்த நடப்பு வருஷத்தையே எழுதிவிட்டான். மாஸ்டர் பார்த்தார். சொல்லவில்லை. விண்ணப்பம் போனது, நிராகரித்துத் திரும்பியும் வந்தது. அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் மாஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் அப்பவே பார்த்தேன். ஆறு மாசக் குழந்தைக்கு எவன்டா வேலை குடுப்பான்? இனி ஜென்மத்துக்கும் தேதியை மாத்தி எழுதமாட்டே." பையன் பாதிச் சோற்றில் எழுந்து போனான். அதற்கப்புறம் அப்பனோடு பேசவில்லை.

இதில் பையனுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. விண்ணப்பத்தை உறையில் போடும் முன்னால் மாஸ்டர் அதை மனைவியிடம் நீட்டி, அந்த வருஷத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார். "பார்த்தியா? வாயைத் திறந்தே, தெரியும்" என்றார். உறையை ஒட்டியது அவள். கடைத்தெருவுக்குப் போகிற வழியில் பெட்டியில் போட்டதும் அவள்தான். பெட்டியின் வாயருகே கொஞ்ச நேரம் நின்றாள். பின்னால் ஒருவன் கடிதத்தோடு காத்துக்கொண்டிருந்தான். போட்டுவிட்டாள்.

மகன் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் மெஷினைப் பழகி, கைதேர்ந்த கடைசல்காரனாகி, வீட்டு முன்னறையிலேயே சொந்த லேத் ஒன்றைப் போட்டான். கல்யாணம் என்று ஒன்று நடந்து மூன்றே வருஷத்தில் முடிந்தும் போயிற்று, அது வேறு கதை. காலையிலிருந்து சாயங்காலம் வரை முன்னறையில் இரும்பு கீறும் சத்தம், எண்ணெய் வாடை, தரையெல்லாம் சுருள் சுருளாக இரும்புச் சீவல். மாஸ்டர் அந்த அறையைத் தாண்டித்தான் தெருவுக்குப் போகவேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்.

இன்ஸ்டிட்யூட்டை மூடிய பிறகு மாஸ்டருக்குப் பொழுது போகவில்லை. பொழுது போகாத மனுஷன் வீட்டில் இருந்தால் வீட்டுக்காரிக்கு என்ன கதி என்று சொல்ல வேண்டியதில்லை. அரிசி டப்பாவின் மூடி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது வரைக்கும் விசாரணை நடந்தது. அப்படி இருக்கையில் பழைய புத்தகக் கடையில் அவருக்கு ஒரு புத்தகம் அகப்பட்டது. நீராவி எஞ்சினைச் சாண் அளவில் செய்வது எப்படி என்று படம் போட்டு, அளவு போட்டு, நூறு பக்கம். ஒரு வாரம் அதையே படித்தார். எட்டாம் நாள் சொன்னார்:

"லேத் சும்மா இருக்கற நேரத்துல நான் தொடலாமான்னு அவன்கிட்ட கேளு."

அவள் போய்க் கேட்டாள். மகன் மெஷினை நிறுத்தினான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அவரையே வந்து கேக்கச் சொல்லு."

இது நடக்கிற காரியமா என்று நினைத்துக்கொண்டேதான் அவள் வந்து சொன்னாள். மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டார், பொத்தான் போட்டுக்கொண்டார். தன் வீட்டு முன்னறைக்கே விருந்தாளி மாதிரிப் போய் நின்று, "எனக்கு லேத் பழகணும்" என்றார்.

"சரி" என்றான் மகன். "ஒரு தடவைதான் சொல்லுவேன்."

அது மாஸ்டரின் சொந்த வாசகம். இன்ஸ்டிட்யூட் சுவரில் எழுதித் தொங்கவிட்டிருந்தது. அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். மாஸ்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினெட்டு வருஷத்துக்கப்புறம் இவள் நடுவில் இல்லாமல் இரண்டு வார்த்தை. அன்று ராத்திரி சோற்றில் உப்பை இரண்டு தடவை போட்டாள், யாரும் கேட்கவில்லை.

பாடம் என்றால் அப்படி ஒரு பாடம். முதல் நாள் மாஸ்டர் சக்கின் சாவியை எடுக்காமல் மெஷினைப் போடப் போனார். சக் என்பது வேலையை, அதாவது கடைகிற துண்டை, கவ்விக்கொண்டு சுற்றும் தாடை. சாவி அதிலேயே இருந்து மெஷின் சுற்றினால் சாவி பறந்து வந்து மண்டையைப் பிளக்கும். மகன் பளீரென்று கைமேல் ஓர் அடி போட்டான். அறுபத்திரண்டு வயது மனுஷன் கையை உதறிக்கொண்டு நின்றார்.

"சாவியை விட்டுக் கை எடுக்கக் கூடாது. கை எடுத்தா சாவியும் கூட வரணும். ஒரு தடவைதான்."

"சரி."

"ரெண்டாவது, சக்குல ஏறின வேலை முடிஞ்சுதான் இறங்கணும். பாதியில கழட்டிட்டு மறுபடி மாட்டினா, அதே இடத்துல உக்காராது. மயிரிழை தள்ளித்தான் உக்காரும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு தடவைதான்."

"சரி, சரி."

இரண்டு மாசம் வெறும் கம்பியைச் சீவிச் சீவிக் கை பழகினார் மாஸ்டர். விரலெல்லாம் சீவல் கிழித்த கோடு. கண்ணாடியில் எண்ணெய். டைப் மெஷினில் பறந்த கைகள் இங்கே ஒரு கைப்பிடியைச் சமமாகத் திருப்பத் தெரியாமல் தடுமாறின. "டூல்தான் சரியில்ல" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றான் மகன். அதற்கும் சிரித்தார். ராத்திரி மனைவியிடம் கையை நீட்டி, "பாரு, எப்படிக் கிழிச்சிருக்கு" என்று பதக்கம் மாதிரிக் காட்டினார். அவள் எண்ணெய் தடவிவிட்டாள்.

மூன்றாவது மாசம் எஞ்சினின் முதல் வேலை, சிலிண்டர். வார்ப்புக்கடையில் வெண்கலத்தில் ஊற்றி வாங்கி வந்த கட்டி, கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. அதன் நடுவில் பெருவிரல் நுழைகிற அளவுக்கு நேரான ஓட்டை போடவேண்டும். அந்த ஓட்டைக்குள்தான் பிஸ்டன் ஓடும், நீராவி அதைத் தள்ளும். அன்றைக்கு மகன் சாமான் வாங்க வெளியே போயிருந்தான். மாஸ்டர் தனியாக நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். கடைசி வெட்டு பாதி தூரம் உள்ளே போயிருந்தபோது மெஷினை நிறுத்திக் குனிந்து பார்த்தார். உள்ளே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. மனுஷனுக்குத் தாங்கவில்லை. சாவியைப் போட்டார், சக்கைத் தளர்த்தினார், கட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார்.

"இந்தா, இதைப் பாரு. உள்ள பாரு. நான் பண்ணினது."

அவள் கையில் மாவு. மாவுக் கையாலேயே வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மின்னுதுங்க" என்றாள். நாற்பது வருஷத்தில் அவர் தன் கையால் செய்த ஒன்றை அவளிடம் கொண்டுவந்து காட்டியது அதுதான் முதல் தடவை. அவர் திரும்பிப் போய்ச் சக்கில் மாட்டி, மீதிப் பாதியையும் வெட்டி முடித்தார்.

மறுநாள் மாஸ்டர் குளிக்கப் போயிருந்தபோது மகன் அவளை முன்னறைக்குக் கூப்பிட்டான். கையில் அந்தச் சிலிண்டர்.

"விரலை விடும்மா. மெதுவா. நடுவுல ஏதாவது தட்டுதா?"

அவள் சுண்டுவிரலை விட்டாள். வழவழவென்று போய், நடுவில் ஏதோ ஒன்று. சோற்றில் முடி கிடந்தால் நாக்குக்குத் தெரியுமே, அவ்வளவுதான்.

"என்னடா இது?"

"பாதியில கழட்டியிருக்கார். ஓட்டை ரெண்டு துண்டா ஆயிடுச்சு. இதுல எஞ்சின் ஓடாது. ஆவி பூரா பக்கத்துல ஓடிப்போயிடும்."

அவள் விரலை வெளியே எடுத்தாள். கழட்டியது தனக்குக் காட்ட அல்லவா. "அப்பாகிட்ட சொல்லு. வேற கட்டி வாங்கிக்கட்டும்."

"சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே."

"ஏன்டா?"

"முழுசாப் போய் முட்டினாத்தான் நிக்கும்" என்றான் மகன். அப்பனின் குரல் அப்படியே. பிறகு தணிந்து, "இந்த வீட்டுல எனக்கு ஞாயமா இருந்தது நீ ஒருத்திதாம்மா. இதுல குறுக்க வராதே" என்றான்.

நீ ஒருத்திதான் என்கிறான். அவளுக்குத் தபால்பெட்டியின் வாய் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. சரி என்று தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்.

அதற்கப்புறம் மகன் வேலையை அடுக்கின அடுக்கைப் பார்க்கவேண்டும். பிஸ்டனை மாட்டிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும் அல்லவா, அதைக் கடைசிக்குத் தள்ளினான். முதலில் பிளைவீல் என்கிற கனத்த சக்கரம், அப்புறம் தண்டு, அப்புறம் தாங்கி, திருகாணி ஒவ்வொன்றும் கடைசல். ஆறு மாசம். கோடை வந்து தகரக் கூரை கொதித்தது. மாஸ்டர் வேர்வை சொட்டச் சொட்ட நின்றார். மத்தியானம் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ரொட்டியும் டீயும் சாப்பிட்டார்கள். "அந்த எண்ணெய் டப்பாவை எடு", "இந்தாங்க", "இன்னொரு மயிரிழை எடுக்கலாமா?", "எடுங்க, பயப்படாதீங்க". அடுப்படியில் நின்று இதையெல்லாம் அவள் காது குளிரக் கேட்டாள். யாரும் 'சொல்லு' என்று அவளைக் கூப்பிடவில்லை. ஒரு நாள் சொல்லாமலிருந்தால் ஒரு நாள் பேச்சு மிச்சம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். உண்மையைச் சொல்லவேண்டும் என்றால் இன்னொன்றும் இருந்தது. அரிசி டப்பா மூடிக்கு விசாரணை வைத்த மனுஷன் ஒருநாள் முட்டிக்கொள்ளட்டுமே என்று அவள் மனசின் ஒரு மூலை சொல்லிற்று. அந்த மூலையை அவள் அடக்கவில்லை.

மழைக்காலம் பிடித்தபோது பிஸ்டன் முறை வந்தது. கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது, லேத்தின் மேல் ஓர் ஒழுக்கு. அவள் வாளி வைக்கப் போனாள். மகன் வெளியே போயிருந்தான். மாஸ்டர் பிஸ்டனைச் சிலிண்டருக்குள் விட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார். பாதியில் பிடித்தது. எடுத்து மெஷினில் மாட்டி ஒரு மயிரிழை தேய்த்தார். மறுபடி பாதியில் பிடித்தது. மறுபடி தேய்த்தார். ஆறாவது தடவை தொளதொளவென்று அந்தப் பக்கம் போய் விழுந்தது.

"பிஸ்டனைத்தான் கொஞ்சம் பெருசா வெட்டிட்டேன் போலிருக்கு. இப்ப சரியாயிடுச்சு" என்றார்.

அவள் வாளியை வைத்துவிட்டு நின்றாள். "என்னங்க."

"என்ன?"

"ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றார் மாஸ்டர். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "காலையில அவன் என்னை அப்பான்னு கூப்பிட்டான். 'அப்பா, அந்தத் துணியைக் குடுங்க'ன்னான். தெரியாம வாயில வந்திருக்கும். ஆனா வந்துச்சு." கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தார். "நீ என்ன சொல்ல வந்தே?"

"டீ ஆறுதுன்னு சொல்ல வந்தேன்" என்றாள்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். எறும்பாவது நடுவில் ஓடிப் பார்க்கும். இவள் போய் டீயைச் சுடவைத்தாள்.

எஞ்சின் ஓட்டும் நாள் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. மாஸ்டர் மச்சினனைக் கூப்பிட்டிருந்தார். மாஸ்டரம்மாவின் தம்பி, வெயிலோ மழையோ குடை இல்லாமல் வாசலைத் தாண்டாத ஆள், அதனால் குடை மாமா. மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் எஞ்சின். மாஸ்டர் புதுச்சட்டை போட்டிருந்தார். பிளைவீல் விரலால் தொட்டாலே வழுக்கிக்கொண்டு சுற்றியது. சிவப்புப் பெயின்ட், பித்தளைத் திருகாணிகள், மகன் ஒட்டிக் கொடுத்த செம்புப் பாய்லர். அழகு என்றால் அழகு.

"அத்தான், இது எங்க போகும்?" என்றார் குடை மாமா.

"எங்கயும் போகாது மாப்ளே. நின்ன இடத்துல சுத்தும்."

"நானும் அப்படித்தான். எனக்காக யாரும் புதுச்சட்டை போட்டுக்கல."

மாஸ்டர் பாய்லருக்கடியில் இருந்த விளக்கைப் பற்றவைத்தார். தண்ணீர் முணுமுணுத்தது, சீறியது. திருகைத் திறந்தார், பிளைவீலை விரலால் ஒரு சுற்றுத் தள்ளினார். சக்கரம் மூன்று தடவை சுற்றியது. நின்றது. சிலிண்டரின் இரண்டு பக்கமும் ஆவி புஸ்ஸென்று வந்தது. எண்ணெய் விட்டுத் தள்ளினார். இரண்டு சுற்று. நின்றது. விளக்கைத் தூண்டினார். ஒரு சுற்று. அரைமணி நேரம் இப்படியே. நெற்றி வேர்வை வெள்ளைத் துணியில் சொட்டியது. மகன் கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். அவள் அவனையே பார்த்தாள். இப்பவாவது ஏதாவது சொல்லி மழுப்பேன்டா என்று கண்ணால் கெஞ்சினாள்.

"கொதிச்ச தண்ணியை வீணாக்காதீங்க. டீத்தூளைப் போடுங்க" என்றார் குடை மாமா. ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் குடையை எடுத்துக்கொண்டு, மழை வரும்போலிருக்கிறது என்று கிளம்பினார். வெளியே பளீரென்று வெயில்.

பாய்லரில் தண்ணீர் வற்றியது. மகன் வந்து நாலு திருகைக் கழற்றிச் சிலிண்டரைத் துணியால் பிடித்து எடுத்தான். ஆற வைத்தான். அப்பனின் கையைப் பிடித்து ஒரு விரலை ஓட்டைக்குள் விட்டான்.

"நடுவுல தட்டுதா?"

மாஸ்டரின் விரல் நின்றது.

"முதல் வரியில தப்பு" என்றான் மகன்.

கூரையில் ஒரு காக்கை நடந்தது கேட்டது. மாஸ்டர் விரலை வெளியே எடுக்காமல் கேட்டார்: "எப்பத் தெரியும்?"

"மறுநாளே."

"ஒம்பது மாசமா?"

"ஏழு. முதல் ரெண்டு மாசம் நீங்க வெறும் கம்பிதான் சீவினீங்க."

மாஸ்டர் மகனை ஏற இறங்கப் பார்த்தார். அவள் அடி விழும் என்று நினைத்தாள், அழுவார் என்று நினைத்தாள். இரண்டும் இல்லை. அவர் முகத்தில் மெள்ள ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"புலிக்குப் பிறந்தது பூனையாகுமா" என்றார். "முப்பத்தைஞ்சு வருஷத்துல நான்கூட ஒருத்தரை ஏழு மாசம் விட்டதில்லடா. ஒரு பக்கம்தான் விட்டிருக்கேன்."

"என்னை விட்டீங்களே. பதினெட்டு வருஷம்."

"அது சரிதான்." விரலை எடுத்துத் துடைத்துக்கொண்டார். "தப்பு என்னுதுதான். ஒரு தடவை சொன்னே. நான் மறந்தேன்." அப்புறம்தான் திரும்பினார். "இவளுக்கு?"

மகன் யோசிக்கவேயில்லை. "அம்மாவுக்கும் தெரியும். அன்னைக்கே விரல் விட்டுப் பார்த்தாங்க."

"உனக்குக் காட்டத்தானேடி கழட்டினேன்" என்றார் மாஸ்டர். குரல் உயரவில்லை. "மின்னுதுன்னியே. மழையில நான் பிஸ்டனைத் தேய்ச்சப்பவும் பக்கத்துல நின்னியே. டீ ஆறுதுன்னியே."

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தீங்க" என்றாள். "அது நின்னுடும்னு பயமா இருந்துச்சு." சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாகக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

"கேட்டியாடா? நம்மளுக்காகவாம்." மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "இவ என்னைக்கும் இப்படித்தான். உன் அப்ளிகேஷனை யார் பெட்டியில போட்டதுன்னு நினைக்கறே?"

"என்னங்க, வேணாம்."

"வருஷத்தைக் காட்டினேன். பார்த்தா. கோந்து தடவி ஒட்டினது இவ. கொண்டுபோய்ப் போட்டது இவ. நான் வீட்டை விட்டே நகரல."

மகன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

"நீயா போட்டே?"

"அவர் குடுத்தார்டா."

"தெரிஞ்சா போட்டே?"

அவள் ஆமென்று தலையாட்டினாள்.

"கடைத்தெரு வரைக்கும் நடந்திருக்கியே. கவரைப் பிரிக்க எவ்வளவு நேரமாகும்? திருத்தறது நாலு நம்பர்தானே." அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் காலைப் பிடித்திருப்பாள். கணக்குப் புரியாத பிள்ளை வாத்தியாரைக் கேட்கிறமாதிரிக் கேட்டான். "அவர் அப்படித்தான்னு எனக்குத் தெரியும். உன்னைத்தான் நான் வேற மாதிரி நினைச்சேன்."

அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை. சோறு அப்படியே பாத்திரத்தில் இருந்தது.

புதன்கிழமை மாஸ்டர் வார்ப்புக்கடைக்குப் போய்ப் புது வெண்கலக் கட்டி வாங்கி வந்தார். மகன் ஒன்றும் கேட்காமல் லேத்தைத் துடைத்துக் கொடுத்தான். இந்தத் தடவை அவனும் பக்கத்திலேயே நின்றான்.

"அப்பா, நிறுத்துங்க. டூல் தாழ்ந்திருக்கு."

"ஆமாடா. நல்லவேளை சொன்னே."

மெஷின் மறுபடி ஓடியது. வெண்கலத் தூள் மஞ்சளாக உதிர்ந்தது. அப்பன் ஏதோ சொல்ல, மகன் சிரித்தான். இந்தச் சிரிப்புக்குத்தான் அவள் பதினெட்டு வருஷம் நேர்ந்துகொள்ளாத குறையாகக் காத்திருந்தாள். இரண்டு தம்ளர் டீயைத் தட்டில் வைத்துக்கொண்டு போய் வாசற்படியில் நின்றாள். இரண்டு முதுகுகள்தான் தெரிந்தன. பக்கத்தில் போய், கை எட்டுகிற தூரத்தில் தட்டை வைத்தாள். மாஸ்டர் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"என்னங்க, சக்கரை போதுமா?"

மாஸ்டர் மகன் பக்கம் திரும்பினார்.

"போதும்னு சொல்லு."

மகன் சக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போதுமாம்" என்றான்.